சித்தப்பாவின் மங்கல் கேமரா

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் போதும், யாராவது ஒருவர் பையிலிருந்து பழைய படம் ஒன்றை எடுத்துவிடுகிறீர்கள். கல்யாணக் கோலத்தில் அம்மா, தொப்பி வைத்த மாமா, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெரியம்மா. "அந்தக் காலத்து முகத்துல என்ன களை பாருங்க" என்று என் கையில் கொடுக்கிறீர்கள். நான் பார்த்ததாகப் பேர் பண்ணிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். என்னைச் சிடுமூஞ்சி என்று நீங்கள் பேசிக்கொள்வது தெரியும். பேசிக்கொள்ளுங்கள். பழைய படத்தில் மாசு மருவில்லாத முகத்தைப் பார்த்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. ஏன் என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பட்டாபிராம் ஸ்டேஷனுக்குப் பின்புறம், ராணுவத்துச் சரக்கு வண்டிகள் ஒதுங்கும் தண்டவாளத்தைத் தாண்டி எங்கள் வீடு. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன் வேலை. வண்டி தடம் மாற வேண்டிய இடத்தில் நெம்புகோலை இழுத்துவிடுவதே நாள் முழுக்க அவர் பாடு. வீட்டுக்கு வந்தால் எந்தத் தடத்தையும் மாற்றமாட்டார். அங்கே எல்லாம் சித்தப்பா வைத்ததுதான் சட்டம்.

சித்தப்பா ஆவடியில் மிலிட்டரி டிப்போவில் குமாஸ்தா. ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடமிருந்து அவருக்கு ஒரு கேமரா கிடைத்திருந்தது. மூடியிருக்கும்போது ஜாமெட்ரி பெட்டி மாதிரி இருக்கும். முன்பக்கத்தைத் திறந்தால் கொல்லன் துருத்தி போல மடிப்பு மடிப்பாகக் கறுப்புத் தோல் நீளும். அதன் நுனியில் லென்ஸ். லென்ஸைச் சுற்றி எண்கள் பொறித்த ஒரு வளையம்.

வந்த புதிதில் சித்தப்பா எங்களுக்கு வித்தை காட்டினார். கேமராவின் முதுகைத் திறந்து, பிலிம் ஓடும் இடத்தில் தேங்காயெண்ணெய் தடவிய காற்றாடித் தாளை ஒட்டி, தலைக்கு மேல் கறுப்புப் போர்வையைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். தாளில் ஸ்டேஷன் தண்ணீர்த் தொட்டி தலைகீழாகத் தொங்கியது. வளையத்தைத் திருப்பத் திருப்பத் தொட்டி கலங்கியது, பிறகு தெளிந்தது. நான் கைகொட்டினேன். என் அக்கா கைகொட்டவில்லை. வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு முந்தைய கோடையில் எங்கள் தெருவில் பெரியம்மை போட்டிருந்தது. என் தம்பியைக் கொண்டுபோய்விட்டது. அக்காவுக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் முகம் முழுக்கக் குழி குழியாகத் தழும்பை விட்டுவிட்டுப் போனது. இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே குளத்துப் படிக்கட்டில் துணி துவைத்தவர்கள். அம்மை கண்டிருந்தபோது பெரியவர்கள் அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "தாயே, எறங்கிக்கம்மா" என்று வேப்பிலையால் வீசினார்கள். என் அம்மா தன் வயிற்றில் பிறந்த பெண்ணின் காலடியில் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுவாரமே அதே வாய்கள், "இந்த மூஞ்சிய எவன் கட்டுவான்" என்று ஆரம்பித்துவிட்டன.

அம்மா ஒரு பூச்சு கண்டுபிடித்தாள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கார்போக அரிசி, பூண்டு, ஆட்டுப்பால். இன்னும் என்னென்னவோ. அரைத்து இரண்டு நாள் புளிக்க வைப்பாள். அதை அக்கா முகத்தில் அப்பி வெயிலில் உட்கார வைப்பாள். ஈ மொய்க்கும். ஓட்டக் கூடாது, பூச்சு கலைந்துவிடும். காய்ந்ததும் தேங்காய் நாரால் தேய்த்தெடுப்பாள். தழும்பு போகவில்லை, தோல்தான் போனது. அந்த நாற்றம் எங்கள் சோற்றிலும் பாயிலும் ஏறியிருந்தது. அம்மா பாசத்தில் செய்தாள் என்பது இப்போது புரிகிறது. புரிந்ததால் நாற்றம் குறைந்துவிடவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. கேமரா பரணில் நமத்துக் கிடந்தது. சித்தப்பா எடுத்துப் பார்த்தபோது லென்ஸுக்குள் சிலந்தி நூல் போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மசகு இறுகி வளையம் அசையவில்லை. அவர் லென்ஸின் மேல் எச்சிலைத் துப்பி வேட்டி நுனியால் துடைத்தார். பிறகு குறட்டை வைத்து வளையத்தைத் திருகினார். டக்கென்று ஒரு சத்தம். அதன் பிறகு வளையம் சுற்றியது, உள்ளே இருந்த கண்ணாடி அதோடு சுற்றவில்லை. எந்த எண்ணில் வைத்தாலும் படம் ஒரே மாதிரி, பால் ஆடைக்குப் பின்னால் இருப்பது போலக் கலங்கலாக விழுந்தது.

"பட்ணத்துக்குத்தான் அனுப்பணும். சண்டை முடியறவரிக்கும் சாமான் வராது" என்று சித்தப்பா கையை விரித்துவிட்டார்.

அந்த நிலையில்தான் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் படம் எடுத்தார். அவளுக்கு வடக்கே ரயில்வேயில் இருந்த ஒரு பையனைப் பார்த்திருந்தார்கள். யுத்த நேரம், பெண் பார்க்க வர லீவு கிடையாது, படத்தைப் பார்த்துத்தான் முடிவு. படம் வந்தது. தழும்பெல்லாம் கரைந்து, வெண்ணெய் உருண்டை போல வழவழவென்று ஒரு முகம். கல்யாணத் தரகர் அதை வெற்றிலைச் சாறு ஒழுகும் விரலால் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"அடேயப்பா! மேகத்துல நெலா போறாப்பல கீதுபா. கேமராவா இது, காமாட்சி கண்ணுபா!"

அவர் சிரித்தபோது சிவப்பு எச்சில் துளி அந்தப் பெண்ணின் படத்து நெற்றியில் தெறித்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு உறையில் போட்டுக்கொண்டார்.

கல்யாணம் மாங்காட்டுக் கோயிலில் நடந்தது. தலை குனிந்து, முக்காடு போட்டு, பூவால் மறைத்து, எப்படியோ தாலி ஏறிவிட்டது. தாலிக் கயிற்றின் மஞ்சள் வெளுக்கும் முன்பே அவளைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். "படத்துல கீற பொண்ணு வேற, இது வேற" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனார்கள். அவள் வீட்டார் அவளை மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் வைத்துக்கொண்டார்கள். விசேஷ வீட்டுக்கு அழைக்கமாட்டார்கள். என் அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "அவ தலையெழுத்து" என்று பெருமூச்சு விட்டாள். சித்தப்பா சோறு தின்றுகொண்டிருந்தார்.

இனி அந்தக் கேமராவைத் தொடமாட்டார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நடந்தது தலைகீழ். தாலி ஏறியது மட்டும்தான் ஊரார் காதில் நின்றது. திருநின்றவூரிலிருந்தும் பூந்தமல்லிப் பக்கத்திலிருந்தும் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார்கள். மாறுகண், தீக்காயம், வெண்குஷ்டம். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், "அந்த மாதிரியே எடுத்துக் குடுங்க" என்பார்கள். பூசணிக்காயும் சேவலும் நெய்ச் சொம்பும் வந்து இறங்கின. சித்தப்பா துணி டேப்பால் தூரத்தை அளப்பார். அந்த எண்ணுக்கு வளையத்தைத் திருப்புவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "அசையாதே, மூச்சு உடாதே" என்பார். வளையத்துக்கும் கண்ணாடிக்கும் சம்பந்தமே இல்லையென்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அந்த அளவெடுப்பை ஒரு தடவைகூட விட்டதில்லை. பார்ப்பவர்களுக்கு அவர் பெரிய நிபுணர். அந்தச் சேவல்களின் குழம்பை நாங்களும் தின்றோம்.

தை பிறந்ததும் அக்காவின் முறை வந்தது. ராணுவத்தில் லாரி ஓட்டும் மாப்பிள்ளை. அவனுடைய அம்மாவுக்குப் படம் வேண்டுமாம்.

அக்கா சித்தப்பாவிடம் நேராகவே கேட்டாள். "சித்தப்பா, இத்த ரிப்பேர் பண்ணிட்டு எடுக்கக் கூடாதா?"

"எங்கடி பண்றது? திருகாணி ஒடஞ்சிபூட்ச்சு. உனுக்கு இன்னாத்துக்கு அந்த வம்பு?"

"படத்துல நானு நானாட்டமே வுயணும்."

"நீ நீயாட்டமே வுந்தா எவன்டி வருவான்?" என்று சித்தப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். தண்டவாளத்து எண்ணெய்க் கறையைக் கையிலிருந்து துடைத்துக்கொண்டிருந்த நைனா தலை நிமிரவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அம்மா அரிசி ஆலைக்குப் போயிருந்தாள். அக்கா பரணில் ஏறிக் கேமராப் பெட்டியை இறக்கினாள். பெட்டியின் அடியில், துணிக்குக் கீழே ஒரு மூக்குப்பொடி டப்பா. திறந்தாள். உள்ளே பஞ்சில் பொதிந்து, கடுகளவு திருகாணிகள். ஒன்றுகூட உடையவில்லை. எண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தன. வளையத்தைத் தொட்டுப் பார்த்தாள். மசகெல்லாம் எப்போதோ சுத்தம் செய்யப்பட்டு அழகாகச் சுழன்றது. சித்தப்பா எப்போதோ எல்லாவற்றையும் பிரித்துச் சரிபார்த்துவிட்டார். நினைத்த அன்றைக்கு முடுக்கியிருக்கலாம். முடுக்காமல் வைத்திருந்தார்.

அக்கா அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய்க் கொல்லையில் வாந்தியெடுத்தாள். "பூச்சு நாத்தமாக்கா?" என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டிவிட்டு வாயைக் கொப்பளித்தாள்.

பிறகு வேலையில் இறங்கினாள். கொண்டை ஊசியின் நுனியைக் கருங்கல்லில் தேய்த்துத் தட்டையாக்கினாள். முன்கண்ணாடியைச் சுற்றிச் சுற்றிக் கழற்றி, நைந்த மல்துணியால் பூஞ்சணத்தை மெல்லத் துடைத்தாள். ஊதி ஊதித் துடைத்தாள், எச்சில் தொடவில்லை. திரும்பவும் மரையில் வைத்து நிதானமாகப் பூட்டினாள். கேமராவின் முதுகில் எண்ணெய்த் தாளை ஒட்டினாள். லென்ஸின் கதவை மூடாமல் நிறுத்திவைக்கும் சின்னப் பிடியைத் தள்ளிவிட்டு, போர்வைக்குள் புகுந்து, ஸ்டேஷன் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக் கேமராவை வைத்தாள்.

கண்ணாடியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். தெளிந்தது போல இருக்கும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் கலங்கிவிடும், பின்னுக்கு வருவாள். போர்வைக்குள் அவள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. வியர்வை தாளில் சொட்டி ஒரு தாள் வீணாயிற்று. வேறு தாள் ஒட்டினாள்.

"வா, பாரு" என்றாள் கடைசியில்.

நான் புகுந்து பார்த்தேன். தொட்டி தலைகீழாக நின்றது. அதன் இரும்பு ஏணியின் படிகள் தனித்தனியாகத் தெரிந்தன. மேல் விளிம்பில் ஒரு காக்கை தலையைத் திருப்பியது. கண்ணாடியை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு, வளையத்தை வெகுதூரத்துக்கான குறியில் நிறுத்தி, திருகாணிகளை ஒவ்வொன்றாகப் போட்டு முடுக்கினாள். இனி வளையம் சுற்றினால் கண்ணாடியும் சுற்றும். கேமராவைப் பரணில் இருந்தபடியே வைத்தாள். டப்பாவை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

படம் எடுத்த அன்று அம்மா பூச்சைக் கழுவி, முகத்தில் பவுடரை அப்பி, முடிக்கு விளக்கெண்ணெய் தடவி இழுத்துப் பின்னினாள். தரகர் வேலியோரம் துப்பிக்கொண்டே மேற்பார்வை பார்த்தார். சித்தப்பா டேப்பை நீட்டினார். வழக்கமான பெருமையோடு எண்ணைப் படித்து, வளையத்தைச் சரியாக அந்த எண்ணில் நிறுத்தினார். படம் பிடிப்பதற்குச் சற்று முன், அக்கா முந்தானையை எடுத்து முகத்துப் பவுடரை அழுந்தத் துடைத்துவிட்டாள்.

"ஏன்டி தொடச்ச?" என்று அம்மா கத்தினாள்.

"உடு அண்ணி. எப்டிகினாலும் ஒண்ணுந்தான்" என்றார் சித்தப்பா, கண்ணைச் சிமிட்டியபடி.

படத்தைப் பூந்தமல்லிக் கடையில் கழுவி வாங்கிக்கொண்டு தரகரே வந்தார். ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வீட்டில் இருந்தோம். உறையைப் பிரித்தார். பாக்கை மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"இன்னாபா இது?"

சித்தப்பா பிடுங்கிப் பார்த்தார். படத்தில் என் அக்கா இருந்தாள். ஒவ்வொரு குழியும் இருந்தது. புருவத்தைப் பாதியில் அறுத்த தழும்பும் இருந்தது. நேராகப் பார்க்கும் இரண்டு பெரிய கண்களும் இருந்தன. அதுவரை யாரும் அந்தக் கண்களைப் படத்தில் எடுத்ததில்லை.

"இத்த எவனாவது பாப்பானா? அண்ணாத்தே, ஊரை நம்ப வெச்சு எங் கயுத்த அறுக்கப் பாக்கறீங்களா?" என்று தரகர் படத்தைத் தரையில் எறிந்தார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கேமராவ யாரோ தொட்டுகீறாங்க" என்று சித்தப்பா உறுமினார்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். இடுப்பிலிருந்து பொடி டப்பாவை எடுத்து நைனாவின் முன்னால் வைத்தாள்.

"நைனா, திருகாணி ஒடஞ்சிபூட்ச்சுன்னு சித்தப்பா சொன்னாரில்ல? இதுல வெச்சிகினு இருந்தாரு. நான் எடுத்துப் போட்டேன். அவ்ளோதான் ரிப்பேரு. பக்கத்து ஊட்டுக்காரிக்கு அவரு இத்தப் போட்டிருந்தா, அவ இன்னிக்கு மாட்டாண்ட குந்திகினு இருக்கமாட்டா." கீழே கிடந்த படத்தை எடுத்துத் துடைத்தாள். "இத்தயே அனுப்புங்க. கட்டிக்கிறவன் பாத்துகினு கட்டிக்கட்டும்."

நைனா எழுந்தார். சித்தப்பாவின் பக்கம் திரும்புவார் என்று நான் நினைத்தேன். அவர் கை அக்காவின் கன்னத்தில் விழுந்தது.

"பெரியவங்களாண்ட பேசற பேச்சாடி இது?"

தரகர் தலையை ஆட்டி ஆமோதித்தார். துப்பினார். வீடு முழுக்க வெற்றிலை வாடையும் அந்தப் பழைய பூச்சு வாடையும். என் அப்பாவின் கையைப் பிடித்துத் தெருவில் நடப்பதை அன்றோடு நான் நிறுத்தினேன். தேய்த்துத் தேய்த்துக் கழுவினாலும் அந்தக் கையில் ஏதோ ஒட்டியிருப்பது போலத் தோன்றும்.

சித்தப்பா அத்தோடு விட்டிருந்தால் அவரை மறந்திருப்பேன். அடுத்த வாரமே திருநின்றவூரிலிருந்து வேறொரு குடும்பம் வருவதாக இருந்தது. பெண்ணுக்கு மேலுதட்டில் பிளவு. சித்தப்பா வாசலில் உட்கார்ந்து, சரியாக இருக்கும் கேமராவைக் கெடுக்க ஆரம்பித்தார். அக்கா முடுக்கிய திருகாணி கழலவில்லை. குறட்டை எடுத்தார். நெரித்தார். கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது. "பொட்டச்சி கை பட்டு வெளங்காம பூட்ச்சு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தெருவும் நம்பியது. சேவல் வரத்து நின்றதற்கும் அக்காவைத்தான் திட்டினார்கள்.

லாரிக்கார மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் போகவேயில்லை. தரகர் எங்கள் வாசலை மிதிப்பதை நிறுத்தினார். அம்மா பூச்சு அரைப்பதை நிறுத்தினாள், பேசுவதையும் நிறுத்தினாள். அக்கா மட்டும் நன்றாகச் சாப்பிட்டாள். மத்தியானங்களில் வேலியைத் தாண்டிக் கொட்டகை அறைக்குப் போய்ப் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு உட்கார்ந்திருப்பாள். அவர்கள் அங்கே சிரிப்பது ஒரு நாள் எங்கள் வீடு வரை கேட்டது. "மானங்கெட்டவளுங்க" என்றாள் அம்மா. அம்மா வாய் திறந்தது அதற்குத்தான்.

மாசியில் அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்தார். சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருஷா வருஷம் வரும் சர்க்கார் ஆள். என் கையில் குத்திவிட்டு நிமிர்ந்தவர் அக்காவைப் பார்த்தார். மற்றவர்களைப் போலப் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"ஒரு தபா வந்துட்ச்சுன்னா திரும்ப வராதுமா, தெரியுமா? பட்ணத்துல அம்மை ஆஸ்பத்திரி ஒண்ணு கீது. உள்ள போய் வேலை செய்ய ஆளே வரமாட்டேங்குது, ஒட்டிக்கும்னு பயம். உன்னாட்டம் வந்து போனவங்களத்தான் தேடிகினு கீறாங்க."

"பீ மூத்திரம் அள்ற வேலையா?" என்று அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அதுவுந்தான். சீக்காளியக் கவனிக்கறது" என்றார் அவர்.

"எம் மூஞ்சில நீ அப்பினத வுட அது ஒண்ணும் நாறாதும்மா" என்றாள் அக்கா.

நைனா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இரண்டொரு நாள் கழித்துக் காலையில், வேலைக்குப் போகும் சட்டையைப் போடாமல் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். "கெளம்பு" என்றார் அக்காவிடம். பிறகு வேலியோரம் போய், "அந்தப் பொண்ணையும் அனுப்புபா. நான் கூட்டினு போறேன்" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டார். சித்தப்பா வாசலில் நின்று, "குடும்ப மானம் போவுது அண்ணா" என்றபோது அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார். அறைந்ததற்கு அவர் ஒரு நாளும் வருத்தம் சொன்னதில்லை. இந்தக் காரியத்தையும் அந்த அறையையும் எப்படி ஒரே மனிதருக்குள் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடம்பிடித்து நானும் போனேன். வண்டியில் சிப்பாய்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் சென்ட்ரல் வரை முக்காட்டை விலக்கவில்லை. ஆஸ்பத்திரி மதில் உயரமாக இருந்தது. உள்ளேயிருந்து வேப்பிலை வாடையும் பினாயில் வாடையும் கலந்து வந்தன. வாசல் கதவுக்கு அந்தப் பக்கம், சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்ட ஒரு நர்சம்மா வந்து நின்றார்.

"சும்மா வேலை வேணும்னு பொய் சொல்லிக்கிட்டு வர்றாங்க. நாலு நாள்ல அவங்களே படுத்துடறாங்க. உங்களுக்கு அம்மை வந்துபோச்சுங்கறதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்.

அக்கா முந்தானையைத் தோளுக்குத் தள்ளி, வெயில் படும்படி முகத்தை நிமிர்த்தினாள். ஒரு கணம் தயங்கிவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் நின்றவளும் முக்காட்டை இழுத்துக் கீழே விட்டாள்.

நர்சம்மா இரண்டு முகங்களையும் நிதானமாகப் பார்த்தார். தாழ்ப்பாளை நீக்கினார்.

"வாங்க" என்றார். "மூணாவது வார்டுல ஒரு குழந்தை காலையிலேர்ந்து தண்ணி கேட்டு அழுதுக்கிட்டே இருக்கு."